மல்லிகா எண்ணிய அணுக்கள்

14-3-1979, புதன்

ஆறு மாதமாக இருமிக்கொண்டிருந்த அடி அண்ணாமலை கிராமத்து விவசாயி இன்று குணமாகி எங்கள் ஆஸ்பத்திரி லேபுக்கு வந்தார். கொண்டுவந்த மல்லாட்டைக் கடலையை மல்லிகாவிடம் கொடுத்தார்.

"எல்லாரும் டி.பி.ன்னாங்க. நீதாம்மா யானைக்கால் பூச்சின்னு கண்டுபுடிச்ச."

அவள் லேப் டெக்னீஷியனாகச் சேர்ந்து இரண்டே மாதம். எனக்குப் பதினெட்டு வருஷ சர்வீஸ்.

அவர் ரத்தத்தை முதலில் பார்த்தவன் நான். பூச்சியை மட்டும் தேடினேன். இல்லை என்று எழுதிக் கொடுத்தேன். பிறகு அவள் ஈசினோஃபில் என்ற வெள்ளணுக்களை எண்ணினாள்; அளவுக்கு மேல் இருந்தன.

"பூச்சிய அடிக்கப் போன அணுவே கும்பலா நெஞ்ச அடைச்சிருக்குது சார்" என்று எனக்கே விளக்குகிறாள்!

சாயங்காலம் எல்லோரும் போனபின் அவர் ரத்தம் தடவிய என் பழைய ஸ்லைடை மைக்ராஸ்கோப்பில் மறுபடி பார்த்தேன். திருப்பிய இடமெல்லாம் அதே அணுக்கள், உள்ளே ஆரஞ்சு நிற மணிகளோடு. அந்த ஸ்லைடு பெட்டியில் இருந்தால் என்றைக்காவது அவள் கண்ணில் படும்.

சோப்புப் போட்டுக் கழுவிக் காயக் கவிழ்த்துவிட்டேன்.