ஏழாம் வீட்டு வண்டியின் முன்சக்கரம்

நாள் 212 | 07:40 | நான்காம் வீடு, கொட்டகை

வெளியே மைனஸ் 61. உள்ளே 14. தூசு குறைவு. காற்று இருப்பு முழு அளவு.

இந்தப் பதிவுப்பெட்டியை யார் திறப்பார்கள் என்று தெரியாது. ஆகவே அடிப்படை விவரம்: என் பெயர் மாசிலாமணி. வயது ஐம்பத்து மூன்று. திருச்செங்கோட்டில் இருபது வருடம் போர்வெல் லாரிகளுக்கு அடிப்பாக வேலை பார்த்தவன். செவ்வாய்க் கிரகத்துக்கு வந்து ஆறு வருடம் ஆகிறது. தனியாக இருக்கிறேன். பக்கத்து வீடு என்பது ஏழாம் வீடு, 38 கிலோமீட்டர். அங்கே செலஸ்டினா, அவளும் தனி. தூத்துக்குடித் துறைமுகத்தில் கிரேன் மெக்கானிக்காக இருந்தவள். வந்து ஒன்றரை வருடம்.

தெற்கே 90 கிலோமீட்டரில் ஒரு பனிக்குழி இருக்கிறது. ரேடார் படத்தில் அதை முதலில் கண்டவன் நான். எங்களுக்குக் கொடுத்த வண்டிகள் சமதரைக்கு ஆனவை, குழி வரை போகாது. அவரவர் கொட்டகையில் அவரவர் வண்டியை உயர்த்திக் கட்ட வேண்டும், எது நன்றாக வருகிறதோ அது பனிக்குழிப் பயணத்தில் முன்னால் போகும் என்று, எல்லா வீடுகளையும் நடத்தும் நடுவம் சொல்லியிருக்கிறது.

இன்று: முன்பக்கம் ஜாக்கியில் ஏற்றியாயிற்று. பழைய ஸ்பிரிங்குகள் கழற்றியாயிற்று.

நாள் 215 | 16:20

புது ஸ்பிரிங்குகள் பொருத்தினேன். 150 மில்லிமீட்டர் உயரம் கூடியிருக்கிறது. இங்கே எடை பூமியில் உள்ளதைப் போல மூன்றில் ஒரு பங்குக்கும் சற்று அதிகம். அதை நம்பி இரும்பைக் குறைப்பவர்கள் உண்டு. எடை குறைந்தாலும் கல்லில் மோதும் வேகம் குறைவதில்லை.

ஸ்டியரிங் கம்பியையும் அச்சைப் பிடிக்கும் குறுக்குக் கம்பியையும் ஒரே சாய்வுக்கு இறக்கிப் புதிதாக வெல்ட் செய்தேன். நல்ல வேலை. பார்க்க ஆளில்லை.

ரேடியோவில் ஹமீதா பேசினாள். நடுவத்தில் எல்லா வீடுகளோடும் பேசுவது அவள்தான். மேலப்பாளையத்துப் பெண். என்னிடம் காற்று, தண்ணீர், மின்சாரம் மூன்றின் எண்களையும் கேட்டுக்கொண்டு வைத்துவிட்டாள். பிறகு ஏழாம் வீட்டோடு இருபத்தோரு நிமிடம். இடையில் சிரிப்பு. செலஸ்டினாவை அக்கா என்கிறாள். என்னை ஆறு வருடமாக சார் என்கிறாள்.

நாள் 219 | 11:05

விதி ஒன்று இருக்கிறது. மாற்றிக் கட்டிய வண்டியை, பக்கத்து வீட்டார் படங்களைப் பார்த்துக் கையெழுத்திடாமல் ஓட்டக்கூடாது. கையெழுத்துக்கு மேல் 'பார்த்தேன், சரி' என்று எழுத வேண்டும். தனியாக இருப்பவர் தன் தவற்றைத் தானே பார்க்கமாட்டார் என்பதற்காக வைத்த விதி.

ஏழாம் வீட்டுப் படங்கள் இன்று வந்தன. முப்பத்து நான்கு படங்கள். சக்கரம் மேலும் கீழும் போகும் தூரம் 310 மில்லிமீட்டர். என்னுடையது 285. அவள் வண்டியில் ஸ்பிரிங்குகள் உட்காரும் கிண்ணங்கள் என்னுடையதைவிட அழகாக இருக்கின்றன. பழைய காற்றுக் குழாயை மடித்து அச்சு மோதாமல் இருக்க மெத்தை செய்திருக்கிறாள். எனக்கு அது தோன்றவில்லை.

இருபத்தாறாவது படத்தில் ஒரு தவறு இருக்கிறது.

முன் அச்சை இரண்டு கம்பிகள் பிடிக்கின்றன. ஒன்று அச்சு பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் குறுக்குக் கம்பி. மற்றது ஸ்டியரிங்கிலிருந்து சக்கரத்துக்குப் போவது. வண்டியை உயர்த்தினால் இரண்டும் சாயும். ஒரே சாய்வில் இருந்தால் பாதகமில்லை, சேர்ந்தே நகரும். ஒன்றை மட்டும் நிமிர்த்தி மற்றதை விட்டுவிட்டால், சக்கரம் கல்லில் ஏறும்போதெல்லாம் ஸ்டியரிங்கைத் தொடாமலே வண்டி திரும்பும். சமதரையில் தெரியாது. சின்னக் கல்லில் கொஞ்சம் இழுக்கும். பெரிய கல்லில் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போகும்.

அவள் குறுக்குக் கம்பியை மட்டும் நிமிர்த்தியிருக்கிறாள். கிரேனுக்கு இந்தக் கதை கிடையாது. லாரிக்காரன் எவனும் முதல் வருடத்திலேயே தெரிந்துகொள்வது.

நாள் 219 | 11:50

கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன். பார்த்தேன், சரி.

ஓட்டிப் பார்க்கும்போது அவளே கண்டுபிடிப்பாள். ஹமீதாவிடம் தன் வாயாலேயே சொல்லட்டும். அதைக் கேட்க வேண்டும் என்று எனக்கு இருக்கிறது.

நாள் 221 | 09:15

என் வண்டியின் படங்களைப் பார்த்துவிட்டு அவள் அனுப்பிய பேச்சுப் பதிவு. அப்படியே எழுதுகிறேன்.

"அண்ணாச்சி, வேலை அவ்வளவு சுத்தம். ஒண்ணே ஒண்ணு. முன்னாடி ஷாக் அப்சார்பரை மேல மாட்டுற போல்ட்டு ஒரு பக்கந்தான் பிடிச்சிருக்கு. கிரேன்ல இப்படி மாட்டுனா எங்க மேஸ்திரி ஒரு வாரம் வைவாரு. அந்தப் பக்கமும் ஒரு தகடு வெச்சிருங்க. கையெழுத்து போட்டு அனுப்பிட்டேன். நீங்க எப்படியும் செஞ்சிருவீங்க."

இருபது வருடம் லாரிக்கு அடியில் படுத்தவனுக்குத் துறைமுகத்துப் பெண் போல்ட் மாட்டச் சொல்லித் தருகிறாள். தகடு வைக்க அரை நாள் ஆகும். வைக்கப் போவதில்லை.

"ஆகட்டும் அம்மணி" என்று பதில் அனுப்பினேன்.

நாள் 226 | 18:00

இரண்டு வண்டிகளும் சமவெளியில் ஓட்டிக் காட்டியாயிற்று. மணல்தரை. அவள் வண்டியில் தவறு தெரியவில்லை. தெரியாது என்று எனக்குத் தெரியும்.

ஷாக் அப்சார்பர்களைக் கழற்றி நீளமானவற்றை மாட்டினேன். சக்கரத்தின் தூரம் இப்போது 325. அவளைவிடப் பதினைந்து மில்லிமீட்டர் அதிகம். நீளம் கூடினால் மேல் போல்ட்டின் மேல் விழும் அடியும் கூடும். கணக்குப் போட்டேன். தாங்கும் என்று வந்தது. கணக்கைத் திரும்பப் போடவில்லை.

நாள் 238 | 10:30

நடுவத்தின் அறிவிப்பு: பனிக்குழிப் பயணத்தில் ஏழாம் வீட்டு வண்டி முன்னால் போகும். நான்காம் வீடு இரண்டாவது. கிளம்புவது நாள் 243.

ஹமீதா என்னிடம் சொன்ன விதம் மரியாதையாகத்தான் இருந்தது. உங்கள் வண்டியும் நல்ல வண்டிதான் சார் என்றாள். அந்த 'உம்' இன்னும் காதில் நிற்கிறது.

பிறகு செலஸ்டினா கூப்பிட்டாள். குழியைக் கண்டது நான், ஆகவே விளிம்புக்குப் போனதும் தன் வண்டியை நிறுத்திக்கொண்டு என்னை முன்னால் விடுகிறாளாம். "மொதக் கால் நீங்கதான் வைக்கணும் அண்ணாச்சி" என்றாள்.

அவள் விட்டுக்கொடுத்து எனக்குக் கிடைக்க வேண்டுமாம்.

நாள் 241 | 06:30 | வண்டியில்

கிளம்பிவிட்டேன். மண் மாதிரி எடுக்கப் போவதாக நடுவத்தில் எழுதி வைத்திருக்கிறேன். போவது பனிக்குழிக்கு. அவர்கள் கிளம்ப இன்னும் இரண்டு நாள் இருக்கிறது.

தூசு மிதம். வண்டி நன்றாக ஓடுகிறது.

நாள் 241 | 09:50

நீள்மேட்டைக் கடந்துவிட்டேன். மூன்று கிலோமீட்டர் நீளமுள்ள கரை. மேலே ஒரு வண்டி போகிற அகலம், இரு பக்கமும் நாற்பது மீட்டர் சரிவு. தெற்கு முனையில், என் பக்கமாக, படிபடியாக ஆறு பெரிய கற்கள். ஒவ்வொன்றிலும் முன்சக்கரம் முழுதாக ஏறி இறங்கியது. ஸ்டியரிங் விரல் நுனியில் நின்றது. என் கம்பிகள் இரண்டும் ஒரே சாய்வு.

அவள் வண்டி இங்கே வந்தால் என்ன ஆகும் என்று ஒரு கணம் நினைத்தேன். நினைத்துவிட்டு ஓட்டினேன்.

நாள் 241 | 10:31

கரையிலிருந்து இறங்கும்போது, 10:12க்கு, முன் இடது மேல் போல்ட் முறிந்தது. அவள் சொன்ன அதே போல்ட். ஸ்பிரிங் தெறித்துப் போனது. அச்சு பின்னால் மடங்கி, வண்டி மேட்டைப் பார்க்கத் திரும்பி, பக்கவாட்டில் சாய்ந்து ஓடைப்பள்ளத்தில் விழுந்தது. நீள்மேட்டின் முனையிலிருந்து 600 மீட்டர்.

எலும்பு முறிவு இல்லை. ஆண்டெனா நசுங்கிவிட்டது. எனக்குக் கேட்கிறது. நான் பேசினால் போகவில்லை. விழுந்த நொடியில் விபத்துச் சமிக்ஞை தானாகப் போயிருக்கிறது. கூரைத் தண்டில் உள்ள மஞ்சள் விளக்கு எரிகிறது, பல கிலோமீட்டர் தொலைவிலிருந்தும் தெரியும். அது ஒரே சீராக மினுக்கும். ஏற்றலாம், அணைக்கலாம், அவ்வளவுதான்.

தொட்டி கசிகிறது. காற்று 14:20 வரை. வெளியே போகப் போடும் அங்கியின் காற்றுப் புட்டி விழுந்ததில் நசுங்கி, 25 நிமிடம் மட்டும். கதவைத் திறந்தால் உள்ளே உள்ள காற்று முழுதும் போய்விடும்.

நாள் 241 | 10:58

ஏழாம் வீடு கிளம்பிவிட்டது. மணல்வழி ஐந்தரை மணி நேரம். நீள்மேட்டு வழி மூன்று மணி நேரம். ஹமீதா மணல்வழியைச் சொல்லிப் பார்த்தாள்.

"அதுல போனா அண்ணாச்சிக்குக் காத்து பத்தாது. மேட்டு வழியாவே போறேன்."

"கரை குறுகலு அக்கா. வண்டி தாங்குமா?"

"நாப்பது வருசம் ஆயுசு உள்ள வண்டி. அண்ணாச்சி பாத்துக் கையெழுத்துப் போட்டது."

நாள் 241 | 12:10

அவள் என்னோடு பேசிக்கொண்டே வருகிறாள். எனக்குக் கேட்கும் என்று நம்புகிறாளாம். கேட்காவிட்டாலும் பரவாயில்லை, தனக்குத் துணையாக இருக்கும் என்கிறாள். மண் மாதிரிக்கு இவ்வளவு தூரமா போவார்கள் என்று கேலி செய்தாள். பிறகு, தானே முதலில் பனியைப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டதில்லை என்றாள். உண்மையாகத்தான் இருக்கும். அது எனக்கு எரிச்சலாக இருக்கிறது.

12:07க்குச் சொன்னது: "கல்லுல ஏறும்போது ஸ்டியரிங் தானா இடது பக்கம் இழுக்குது. சின்னதாத்தான். வீட்டுக்குப் போனதும் நீங்க வந்து பாத்துக் குடுங்க."

நாள் 241 | 13:05

இதை எடுத்துப் படிப்பவருக்கு: நீள்மேட்டின் அடியில் ஒரு வண்டி கிடந்தால் முதலில் அதன் முன்பக்கத்தைப் பாருங்கள். குறுக்குக் கம்பியும் ஸ்டியரிங் கம்பியும் வேறு வேறு சாய்வில் இருக்கும். அவளுக்குத் தெரியாது. நாள் 219 முதல் எனக்குத் தெரியும்.

அவள் என்னைக் காப்பாற்றிக் கூட்டிப்போனால் எல்லா வீடுகளிலும் ஒரு வருடத்துக்கு அதுதான் பேச்சாக இருக்கும். நான் பின் இருக்கையில் உட்கார்ந்து வந்தவன். இந்த நேரத்திலும் அந்த எண்ணம் வருகிறது. மறைக்காமல் எழுதுகிறேன்.

நாள் 241 | 13:18

அவளை நிறுத்த இரண்டு வழி.

ஒன்று, கதவைத் திறந்து வெளியேறி, மேட்டின் முனைக்கு நடந்துபோய்க் கையைக் காட்டுவது. ஏற்றம், பதினைந்து நிமிடம் ஆகும். கற்களுக்கு முன்னால் அவள் என்னைப் பார்த்துவிடுவாள். மீதிப் பத்து நிமிடத்துக்குள் அவள் கற்களைத் தாண்டி நடந்து வந்து தன் புட்டியை என் அங்கியில் மாட்ட வேண்டும். முடியும். முடியாமலும் போகலாம்.

இன்னொன்று, விளக்கை அணைப்பது. நான் செத்துவிட்டேன் என்று திரும்பிப் போய்விடுவாள்.

இரண்டாவது எளிது.

நாள் 241 | 13:22

அணைத்தேன்.

நாள் 241 | 13:24

"அண்ணாச்சி, விளக்கு அணைஞ்சிருச்சே. பேட்டரி போச்சா? கண்ண மூடாதீங்க. மூச்ச மெதுவா விடுங்க. நான் வேகமா வந்துர்றேன்."

மோட்டார் ஓசை கூடுகிறது. ஹமீதா வேகத்தைக் குறைக்கச் சொல்கிறாள்.

நாள் 241 | 13:26

விளக்கை ஏற்றினேன்.

"எரியுது! அங்கதான் இருக்கீங்க. இந்தா வந்துட்டேன்."

வேகம் குறையவில்லை.

நாள் 241 | 13:33

அங்கியை மாட்டினேன். கைப்பிடியில் கை வைத்தேன். எடுத்தேன். தொட்டியில் இன்னும் 47 நிமிடம் இருக்கிறது. வெளியே 25.

சின்னதாகத்தான் இழுக்கிறது என்றாள். கை பலமுள்ளவள். ஒருவேளை பிடித்துவிடுவாள்.

நாள் 241 | 13:41

கரையின் வட முனையில் ஏறிவிட்டாள். 13:26க்கு நான் கிளம்பியிருந்தால் இப்போது கற்களின் பக்கத்தில் நின்றிருப்பேன். எழுதிக்கொண்டிருந்தேன். நேரங்கள் மேலே இருக்கின்றன.

நாள் 241 | 13:47

முன்கண்ணாடியில் வெள்ளைப் புள்ளி. அழகாக வருகிறது. என் வண்டியைவிட மிருதுவாக. ஸ்பிரிங் அமைப்பு அவ்வளவு நன்றாக

முதல் கல். பிடித்துவிட்டாள்.

இரண்டு.

மூன்றில் மூக்கு இடது பக்கம் போனது. திருப்பிவிட்டாள்.

நான்கு

நாள் 241 | 13:49

கரையின் மேல் தூசு மட்டும் நிற்கிறது.

நாள் 241 | 13:58

ஹமீதா எட்டு நிமிடமாக ஏழாம் வீட்டைக் கூப்பிடுகிறாள். அக்கா, அக்கா என்று. இப்போது என்னைக் கூப்பிட ஆரம்பித்திருக்கிறாள். குரல் வேறு மாதிரி இருக்கிறது. சார் என்று சொல்லவில்லை.

"அண்ணே. அக்கா வந்துட்டாங்களா? அண்ணே, கேக்குதா?"

எனக்குக் கேட்கிறது.