டோ மேரிக்கு இவ்வூரில் முகவரி இல்லை

அனுப்புநர்:
பவுனம்மாள், வயது 80,
இன்சீன் ரயில் பட்டறையில் வேலை பார்த்துக் காலமான குப்புசாமியின் மனைவி,
தின்கன்ஜூன், யாங்கோன்.

பெறுநர்:
வார்டு நிர்வாக அதிகாரி அவர்கள்,
தின்கன்ஜூன், யாங்கோன்.

பொருள்: கோயில் நாடகத்தில் ராணி வேடம் போட்டதற்காகக் கொண்டுபோகப்பட்ட என் பேத்தி விஜயகுமாரியை விடுவிக்கக் கோருவது.

மதிப்புக்குரிய அதிகாரி ஐயா அவர்களுக்கு, பவுனம்மாள் கும்பிட்டு எழுதிக்கொள்வது.

1. நான் மூன்றாம் வகுப்பு வரை படித்தவள். பர்மியம் பேசுவேன், எழுத வராது. இதைத் தமிழில் எழுதுகிறேன். தங்கவேலு வாத்தியார் பர்மியத்தில் பெயர்த்து இத்துடன் வைப்பார். இந்தத் தடவை ஊரையும் ஆண்டையும் விடாமல் எழுதச் சொல்லியிருக்கிறேன்.

2. இம்மாதம் 2ஆம் தேதி ஞாயிறு பிற்பகல், எங்கள் கோயில் மண்டபத்தில் பெண்கள் நாடக ஒத்திகை நடக்கும்போது, தங்கள் அலுவலக ஆட்கள் மூன்று பேர் வந்து என் பேத்தியை அழைத்துப் போனார்கள். லைங் தாயாவில் தையல் கம்பெனியில் வேலை செய்கிறவள். அட்டையில் செய்த கோடரி ஒன்றையும், அவளே தைத்த சிவப்புப் பாவாடையையும் எடுத்துப் போனார்கள். பதினைந்து நாள் ஆகிறது. அவளை எங்கே வைத்திருக்கிறார்கள் என்று இன்னும் எனக்குச் சொல்லவில்லை.

3. அலுவலகத்தில் என்னிடம் கேட்டது இது: டோ மேரி என்பவர் எங்கே ஒளிந்திருக்கிறார், ஊ டார்ன்லியின் வீட்டுக்கு அடியில் வைத்த வெடிமருந்து யார் கொடுத்தது. ஐயா, வெடிமருந்து வெடித்தது 1567இல். ஊர் ஸ்காட்லாந்து. டோ மேரி அந்த நாட்டு ராணி. தலை போய் நானூற்று முப்பத்தெட்டு வருஷம் ஆகிறது.

4. பிழை எங்களுடையது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அனுமதிக்காக நாடகத்தைப் பர்மியத்தில் எழுதித் தரச் சொன்னீர்கள். வாத்தியார் எழுதும்போது, பெரிய மனிதர்கள் பெயரை மொட்டையாக எழுதாதே, பெண்களுக்கு டோ போடு, ஆண்களுக்கு ஊ போடு என்று சொன்னவள் நான். ஸ்காட்லாந்து என்பது பிள்ளைகள் வாயில் நுழையாததால் வடநாடு என்று மாற்றியதும் நான்தான்; தங்களுக்கு அது இந்த நாட்டின் வடக்குப் பக்கம் என்று பட்டிருக்கும். ஆண்டு போடவில்லை, படித்த அதிகாரிகளுக்குத் தெரிந்திருக்கும் என்று இருந்துவிட்டேன். இவற்றில் ஓர் எழுத்துகூட என் பேத்தி எழுதியதல்ல.

5. இந்தக் கதை எனக்கு எப்படித் தெரியும் என்றும் கேட்டார்கள். சின்ன வயதில் பாதிரியார் பள்ளிக்கூடத்தில் தரை கழுவினேன். சரித்திர டீச்சர் உள்ளே சொல்வதை வராந்தாவில் வாளியோடு நின்று கேட்டேன். கேட்டதை நான் மறப்பதில்லை. தகப்பன் இறந்தபோது மேரி ஆறு நாள் குழந்தை; அன்றே ராணி. ஐந்து வயதில் கப்பலேற்றிப் பிரான்சுக்கு அனுப்பினார்கள். பதினெட்டு முடியுமுன் தாலியறுத்தாள். ஊர் திரும்பி இரண்டாவதாகக் கட்டியவன்தான் டார்ன்லி; அவன், அவள் ஆறு மாதக் கர்ப்பமாக இருக்கும்போது, அவள் எழுத்தரை அவள் கண் எதிரிலேயே இழுத்துப்போய்க் குத்தவிட்டான். பிறகு அவன் தங்கியிருந்த வீடு வெடித்தது. தோட்டத்தில் பிணமாகக் கிடந்தான். அதைச் செய்தவன் என்று ஊரே சொன்ன பிரபுவை அவள் மூன்றாவதாகக் கட்டினாள். அங்கே கெட்டது. பிரபுக்கள் பிடித்து ஏரி நடுவில் இருந்த கோட்டையில் அடைத்து, முடியைத் துறந்தேன் என்று கையெழுத்து வாங்கினார்கள்.

6. தப்பி ஓடி, இங்கிலாந்தை ஆண்ட அக்காள் முறைக்காரியிடம் அடைக்கலம் கேட்டாள். அந்த அக்காள் பத்தொன்பது வருஷம் காவலில் வைத்தாள். ஒரு நாள்கூட நேரில் வந்து முகம் பார்க்கவில்லை. கடைசியில் தலையை வெட்டச் சொன்னாள். அதுவும் ஒரே வெட்டில் போகவில்லை.

7. எங்கள் நாடகத் தாளைத் தங்களிடம் கொண்டுவந்து, வெடிமருந்து என்ற இடத்தைக் கோடிட்டுக் காட்டியது என் சின்னம்மா மகள் மங்கலம் என்பது எனக்குத் தெரியும். ராணி வேடம் தன் மருமகளுக்கு வேண்டும் என்று கேட்டாள். நான் கொடுக்கவில்லை. ராணிக்கு உங்கள் வீட்டில்தான் ஆள் இருக்கோ அக்கா என்று குழாயடியில் நாலு பேர் முன்னால் கேட்டுவிட்டுப் போனவள். 1988இல் என் மாமியார் கருமாதிக்கும் வராதவள். அவள்மேல் நடவடிக்கை எதுவும் கோரவில்லை. அவளை நான் பார்த்துக்கொள்கிறேன்.

8. விஜயகுமாரிக்கு ஒரு மகன், உதயசூரியன். இன்னும் தாய்ப்பால் குடிக்கிறவன். இப்போது என்னிடம் இருக்கிறான். கஞ்சித் தண்ணீர் கொடுக்கிறேன், துப்புகிறான். வருகிற 21ஆம் தேதி அவனுக்குப் பத்து மாதம் முடிகிறது. மேரி ராணி தன் மகனைக் கடைசியாகப் பார்த்தபோது அவனுக்கும் பத்து மாதம். அதன் பிறகு சாகும்வரை பார்க்கவில்லை. அவன் வளர்ந்து இரண்டு நாட்டுக்கும் ராஜாவானான். தாய்க்குக் கல்லறைதான் கட்ட முடிந்தது.

9. அன்று ஒத்திகை பார்த்தது அந்தக் காட்சிதான். தொட்டிலுக்கு அட்டைப்பெட்டியும், பிள்ளைக்கு அவள் பிள்ளையும். அவனைத் தாதி கையில் கொடுத்துவிட்டு நடக்கும்போது திரும்பிப் பார்க்காதே, பார்த்தால் பிள்ளை அழும் என்று நான் அவளுக்குப் பலமுறை சொல்லிக் கொடுத்திருந்தேன். தங்கள் ஆட்கள் வாசலில் வந்து நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டதும், அவள் பிள்ளையை என் கையில் கொடுத்தாள். நடந்தாள். நான் சொன்னபடியே திரும்பிப் பார்க்கவில்லை.

10. ஆகவே ஐயா, குற்றம் எழுத்தில் என்றால் எழுதச் சொன்னவள் நான். பாயும் பிரஷர் மாத்திரையும் எடுத்து வைத்திருக்கிறேன். சொல்லும் நேரத்துக்கு வருகிறேன். அவளை 21ஆம் தேதிக்கு முன் வீட்டுக்கு அனுப்பும்படி காலில் விழுந்து கேட்கிறேன். அதற்கு வழியில்லை என்றால், அவள் இருக்கும் இடத்தை மட்டுமாவது சொல்லுங்கள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய் வெளியே நிற்கிறேன். அங்கே அவள் திரும்பிப் பார்க்கட்டும்.

இடம்: தின்கன்ஜூன், யாங்கோன்
நாள்: 17.11.2025

தங்கள் பதிலுக்காக அலுவலக வாசல் பெஞ்சில் தினமும் காத்திருக்கும்,
பவுனம்மாள்
(கையெழுத்து)

இணைப்பு: நாடகத்தின் புதிய பர்மிய மொழிபெயர்ப்பு. டோவும் ஊவும் நீக்கப்பட்டுள்ளன.