பதில் வராவிட்டால் சம்மதம்

பதிவு 301. கிழக்கு நிலையம், சனியின் வளையம். 07:10

காற்றழுத்தம் சரி. தண்ணீர் சரி. காபிப் பொடி தீர்ந்து போனது. இதைக் கண்டெடுப்பவர் யாராக இருந்தாலும் தெரிந்துகொள்ளுங்கள்: நான் பொன்னுரங்கம், ஆரணிக்காரன். வளையத்தைத் துளைத்துப் பாயும் கற்களை அளப்பது என் வேலை. எட்டு கிலோமீட்டர் தள்ளி, மேற்கு நிலையத்தில் சேவுகன் இருக்கிறான். தேவகோட்டைப் பையன்; என்னைவிட இருபது வயது சின்னவன்.

கற்கள் வரிசையாக வரும். முதல் கல் கண்ணிமைப்பதற்குள் கடந்துவிடும். அதைப் படம் பிடித்துக் கோணம் பார்த்தால், பின்னால் வருவது எந்தத் தடத்தில் வரும் என்று தெரியும். அதற்குள் நிலையத்தை நகர்த்தலாம், அல்லது இருந்த இடத்திலேயே இருக்கலாம். ஒருவர் கணிப்பை மற்றவர் சரிபார்க்க வேண்டும். பத்து நிமிடத்தில் பதில் வராவிட்டால் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளலாம். இந்த விதியை எழுதியது நான்தான்.

பதிவு 304. 11:40

பூமியிலிருந்து பெட்டி வந்து இறங்கியது. இரண்டு வீடியோ கேமரா, ஆளுக்கு ஒன்று. யாருக்கு எது என்று நாங்களே பேசிக்கொள்ள வேண்டுமாம். மூத்தவன் முதலில் எடுப்பது இங்கே வழக்கம்.

பெரியது பார்க்க ராஜா மாதிரி இருக்கிறது. படத்தில் மணலைக்கூட ஒவ்வொன்றாக எண்ணலாம். சின்னது அவ்வளவு தெளிவில்லை. ஆனால் நொடிக்கு ஆயிரம் படம் எடுக்கும். சேவுகன் உடனே கூப்பிட்டான்.

"அண்ணே, பெருச நீங்களே வச்சுக்கங்க. எனக்கு அந்தச் சின்னது போதும்ணே."

என்ன தாராளம்! போன வருடம் அவன் எடுத்த ஒரு வளையப் படத்தைப் பூமியில் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார்கள். என் மூன்று வருட அளவீட்டை ஒரு நாய்கூடச் சீந்தவில்லை. அவன் சின்னதைக் கேட்கிறான் என்றால் அதில் ஏதோ இருக்கிறது.

பதிவு 304, தொடர்ச்சி. 15:25

இருந்தது. சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறியை இரண்டிலும் எடுத்துப் பார்த்தேன். பெரியதில் இறக்கைகள் வாழைப்பழம் மாதிரி வளைந்து தெரிகின்றன. அது படத்தை மேலிருந்து கீழாக வரி வரியாகப் படிக்கிறது. கடைசி வரியைப் படிப்பதற்குள் இறக்கை நகர்ந்துவிடுகிறது. சின்னது முழுப்படத்தையும் ஒரே நேரத்தில் பிடிக்கிறது. இறக்கை நேராக நிற்கிறது. பாயும் கல்லுக்கு இதுதான் கேமரா.

சின்னதை நான் வைத்துக்கொண்டேன்; நிலையத்துத் தொலைநோக்கியில் பொருத்தினேன். பெரியதை எடுத்துப்போக சேவுகன் ஓடத்தில் வந்தான். எங்கள் இருவருக்கும் இருப்பது அந்த ஒரே ஓடம்தான்; அதுவும் அவன் நிலையத்தில்தான் நிற்கும். விசிறி விஷயத்தை அவனிடம் சொல்லவில்லை. கெட்டிக்காரன்தானே, கண்டுபிடித்துக்கொள்ளட்டும்.

பதிவு 319. 09:05

பூமியில் இருக்கும் கட்டுப்பாட்டு மையத்து மெர்லினிடமிருந்து செய்தி:

"சார், சேவுகன் புதுக் கேமராவுல எடுத்த சூரிய உதயம் பார்த்தீங்களா? எங்கப்பா அழுதுட்டார் சார். ஸ்கூல்ல எல்லாம் போட்டுக் காட்டுறாங்க."

பார்த்தேன். வயிறு எரிகிறது, வேறு எப்படிச் சொல்வது? கழித்துக் கட்டியதைக் கொடுத்தேன், அதிலும் அவனுக்கு மாலை விழுகிறது. என் சின்னக் கேமராவில் இருப்பதெல்லாம் சாம்பல் நிறப் புள்ளிகள். கச்சிதமான, யாருக்கும் வேண்டாத புள்ளிகள்.

பதிவு 322. 18:30

சேவுகனோடு பேச்சை நிறுத்திவிட்டேன். நேற்று இரண்டு முறை கூப்பிட்டான்.

"அண்ணே, சாப்பிட்டீங்களா? காபிப் பொடி தீந்துருச்சுன்னு மெர்லின் சொன்னாங்க. எங்கிட்ட ஒரு பாக்கெட் இருக்குண்ணே. கொண்டு வரட்டுமா?"

அவன் காபி எனக்கு எதற்கு?

பதிவு 326. 10:12

முதல் கல் கடந்தது. இருவரும் பிடித்தோம். பின்னால் பெரியதாக ஒன்று வருகிறது. இருபது நிமிடம் இருக்கிறது.

"அண்ணே, கல்லு என் நிலையத்த நேரா அடிக்கும்னு வருது. மேல நகரப் போறேன். ஒரு தடவ பாத்துச் சொல்லுங்கண்ணே."

என் படத்தைப் பார்த்தேன். தப்பு. கல் மேலே, அவன் போகப் போகும் இடத்தைத்தான் கடக்கும். அவன் அசையாமல் இருந்தாலே போதும். அவன் கேமரா கோணத்தைச் சாய்த்துக் காட்டியிருக்கிறது.

10:16

பதில் சொல்ல இன்னும் ஆறு நிமிடம். முதன்முறையாக அவன் தப்பு, நான் சரி. இன்னொரு தடவை கேட்கட்டும், சொல்கிறேன். கெஞ்ச வேண்டாம். கேட்டால் போதும்.

10:20

கேட்கவில்லை.

10:22

"பதில் இல்லண்ணே, சம்மதம்னு எடுத்துக்கறேன். தேங்க்ஸ்ண்ணே."

பொத்தானை அழுத்தினேன். நகராதே என்று கத்தினேன். நிலையத்தை நகர்த்தும்போது வானொலியை அணைத்துவிட வேண்டும் என்பதும் விதி. அணைத்துவிட்டிருந்தான். கத்திக்கொண்டே இருந்தேன்.

10:33

பட்டது.

10:51

குரல் வருகிறது. நான் பேசுவது அவனுக்குக் கேட்கவில்லை.

"அண்ணே... காத்து எறங்குது. ஓடம் போச்சு. உங்க கேமராவுல பதிவாச்சா? நல்லா வந்திருக்கும்ணே, உங்களுது வேகத்துக்குன்னே செஞ்சது. அதான் நான் முதல்ல அந்தச் சின்னதக் கேட்டேன்... மெர்லின்கிட்ட உங்க பேரப் போடச் சொல்லுங்க. யாருமே இப்படி எடுத்ததில்லண்ணே."

கண்ணாடியில் முகத்தை ஒட்டிக்கொண்டு அவன் பெயரைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். எட்டு கிலோமீட்டர். நிலையம் அவ்வளவு தூரம் நகராது, போக வழியில்லை.

11:04

குரல் இல்லை.

பதிவு 327. நேரம் பார்க்கவில்லை

படம் தானாகவே பூமிக்குப் போய்விட்டது. ஆயிரம் துண்டாகப் பிரித்த நொடி. ஒவ்வொரு துண்டும் நேராக, கூர்மையாக இருக்கிறது. கல் படுவதற்கு முந்தைய துண்டில் அவன் ஜன்னலில் தெரிகிறான். கையில் கேமரா இல்லை. கல் வரும் பக்கமும் பார்க்கவில்லை. நான் இருக்கும் பக்கம் பார்க்கிறான்.

மெர்லின்:

"சார்... படம் உங்க பேர்லதான் போகுது, உலகம் பூரா. ஒண்ணே ஒண்ணு சார். சேவுகன் கேட்டதுக்கு நீங்க சொன்ன பதில் மட்டும் எங்களுக்கு வரல. நடுவுல சிக்னல் போயிருச்சா? உங்ககிட்ட பதிவு இருந்தா அனுப்புங்க. அவங்க அம்மா கேக்கணும்ங்கறாங்க."

சிக்னல் போய்விட்டது என்று எழுதினேன். அழித்தேன். மறுபடி எழுதினேன்.

மெர்லின் திரும்பவும் கேட்கிறாள். நான் பதில் சொல்ல வேண்டும். பத்து நிமிடம் ஆகிவிட்டது.