கை நீட்டியவள்

லிகரியா, சிஃப்னோஸ் தீவு
14 ஜூலை 1986

அன்புள்ள ஸ்தமாதிஸ்,

நலமாக வந்து சேர்ந்தேன். கப்பலிலேயே பிழைப்பு நடத்தும் உங்களிடம் சொல்ல வெட்கமாக இருக்கிறது. பிரேயஸில் ஏறியதிலிருந்து இங்கே இறங்கும்வரை வாந்திதான். துறைமுகத்தில் உங்கள் அம்மா கழுதையோடு காத்திருந்தார்கள். என்னைப் பார்த்ததும் முதலில் சொன்னது இது: "படிச்ச பொண்ணுன்னு எழுதினான். முகம் பச்சையா இருக்கும்னு எழுதலியே!"

உங்கள் ஊர் இவ்வளவு அமைதியாக இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. மதியம் இரண்டு மணிக்கு நான் செருப்போடு படியில் இறங்கினால் அந்தச் சத்தம் எனக்கே கூச்சமாக இருக்கிறது. கையில் எடுத்துக்கொண்டு நடக்கிறேன். ஆனால் ஐந்து மணிக்கு மேல் எல்லா வீட்டு வாசலிலும் நாற்காலி வந்துவிடுகிறது. கடந்து போகும்போது ஒவ்வொருவருக்கும் வணக்கம் சொல்ல வேண்டியிருக்கிறது. வீட்டுக்கு யாராவது வந்தால் கதவுக்குப் பின்னால் நிற்கிற எனக்கு இது பெரிய பரீட்சை. நேற்றுப் பதினேழு வணக்கம் சொன்னேன்.

என்னைக் கட்டிக்கொள்கிறாயா என்று மார்ச்சில் நீங்கள் கேட்ட கேள்விக்கு, உங்கள் ஊரில் இருந்து பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வேன் என்றேன். மறக்கவில்லை. ஏதென்ஸ் மருத்துவமனையில் மருந்தாளர் வேலை செப்டம்பர் முதல் தேதி தொடங்குகிறது. துறைமுகத்தில் மூட்டை தூக்கும் அப்பா, என் பட்டத்தைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார். எங்கள் வீட்டில் முதல் பட்டம் அது. அவசரப்படுத்தாதீர்கள்.

அன்புடன்,
அசிமினா

---

ஜெனோவா
21 ஜூலை 1986

என் அசிமினா,

பதினேழு வணக்கமா! நான் சின்ன வயதில் பின்பக்கமாகச் சுவர் ஏறிக் குதித்துப் போவேன், வணக்கத்துக்குப் பயந்தே. அதை அம்மாவிடம் சொல்லாதே.

அவசரப்படுத்த மாட்டேன். ஆனால் ஒவ்வொரு துறைமுகத்திலும் தபால் வந்ததா என்று முதலில் போய்க் கேட்பவன் நான்தான். கப்பலில் கேலி செய்கிறார்கள்.

27ஆம் தேதி திருநாள். நன்றாகச் சாப்பிடு. கொண்டைக்கடலையை மண்பானையில் வைத்து இரவெல்லாம் அடுப்பில் வேகவிடுவார்கள். என் பங்கையும் சேர்த்துச் சாப்பிடு.

உன்
ஸ்தமாதிஸ்

---

லிகரியா
29 ஜூலை 1986

அன்புள்ள ஸ்தமாதிஸ்,

பெரிய தப்பு செய்துவிட்டேன். வேறு யாரும் எழுதுவதற்குள் நானே எழுதிவிடுகிறேன்.

முந்தாநாள் புனித பந்தலேமோன் திருநாள். எங்கள் நிக்கேயாவில் திருநாள் என்றால் படத்தை முத்தமிட்டுவிட்டு வீட்டுக்கு வருவோம், அவ்வளவுதான். இங்கே ஒரு குடும்பம் புனிதரின் படத்தை ஒரு வருடம் வீட்டில் வைத்து விளக்கேற்றி, அடுத்த திருநாளுக்கு வருகிறவர்கள் எல்லோருக்கும் விருந்து போட்டுவிட்டு, இன்னொரு குடும்பத்தின் கையில் கொடுக்கும் என்று எனக்கு யார் சொன்னார்கள்? சாப்பாட்டைப் பற்றி மட்டும் எழுதினீர்களே!

காலைப் பூசை முடிந்ததும் ஸன்னிஸ் மாமா படத்தைத் தூக்கிக்கொண்டு கோயில் வாசலில் நின்றார். போன வருடம் வாங்கியவர் அவர். வெள்ளித் தகடு பதித்த படம், நல்ல கனம். ஒரு பக்கம் உங்கள் அம்மா, மறுபக்கம் அடுத்த வீட்டு அனெசினா அத்தை. இரண்டு பேருமே கையை முதுகுக்குப் பின்னால் வைத்திருந்தார்கள்.

"நீயே வாங்கிக்கோ கலிரோயி" என்று அத்தை உங்கள் அம்மாவிடம் சொன்னார்கள்.

"ஐயோ, நீ மூத்தவ. நீ இருக்கும்போது நானா?"

"எனக்கெதுக்கு? ஆசை உனக்குத்தானே!"

"ஆசையா? எனக்கா? யார் சொன்னா?"

ஸன்னிஸ் மாமா, "யாராச்சும் வாங்குங்கம்மா, தோள் கழண்டுடும்போல இருக்கு!" என்றார். படம் சாய்வதைப் பார்த்தேன். இடையில் புகுந்து இரண்டு கையாலும் தாங்கிப் பிடித்தேன். அவர் உடனே விட்டுவிட்டு நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

பாதிரியார் உரக்க, "அடுத்த வருஷமும் நல்லபடியா!" என்றார். ஊரே அதைச் சொன்னது. வயலின் தொடங்கிவிட்டது. யார் யாரோ என் கன்னத்தில் முத்தமிட்டார்கள். யாராவது திரும்ப வாங்கிக்கொள்வார்கள் என்று நான் படத்தோடு நின்றுகொண்டே இருந்தேன். அனெசினா அத்தைதான் சிரித்துக்கொண்டே உண்மையைப் போட்டு உடைத்தார்கள்: "கலிரோயி, உன் விருந்தாளியே உன்னை முந்திட்டாளே! பதினோரு வருஷமாக் காத்துக் கிடந்தியே!"

உங்கள் அம்மா வீட்டுக்கு வந்து, முன்னறையில் படத்துக்கு இடம் ஒதுக்கி, "எண்ணெய் அலமாரில இருக்கு" என்றார்கள். இந்த இரண்டு நாளில் அவர்கள் என்னிடம் பேசியது அது ஒன்றுதான்.

நேற்றுப் பாதிரியாரிடம் ஓடினேன். "ஐயா, தெரியாம வாங்கிட்டேன். கலிரோயி அம்மா பேருக்கு மாத்திக் குடுங்க" என்றேன். "இது என்னம்மா, கப்பல் டிக்கெட்டா? நீ ஊரை விட்டுப் போறதா இருந்தா சொல்லு. ஒரே வீட்டை ரெண்டு தடவை கேக்கற வழக்கம் இல்லை. நீ விட்டுட்டா படம் அனெசினாவுக்குப் போகும்" என்றார்.

படத்தை வாங்கினால் ஒரு வருடம் இங்கேதான் என்பதால், ஊர் முழுக்க நான் உங்களுக்குச் சம்மதம் சொல்லிவிட்டதாகப் பேச்சு. நான் இன்னும் சொல்லவில்லை, ஸ்தமாதிஸ். மாட்டேன் என்றால் அம்மாவின் புனிதர் அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார். சரி என்றால், என் வாயால் சொன்னேனா, என் கை சொல்லிவிட்டதா என்று எனக்கே தெரியாமல் போய்விடும். என்ன செய்வேன்?

அசிமினா

---

மார்செய்
6 ஆகஸ்ட் 1986

அசிமினா,

மன்னித்துவிடு, முதலில் சிரித்தேன். இயந்திர அறையில் நின்று படித்தேன். என்ன கோளாறோ என்று தலைமைப் பொறியாளர் ஓடி வந்துவிட்டார்.

இப்போது சிரிக்காமல் எழுதுகிறேன். விளக்கேற்றுவதற்காக என்னைக் கட்டிக்கொள்ளாதே. அம்மாவுக்காகவும் வேண்டாம். அம்மாவின் மௌனத்துக்குப் பயப்படாதே. கேட்காமல் படகுக்கு நீலம் அடித்ததற்கு அப்பாவிடம் ஒன்பது நாள் பேசாமல் இருந்தவள் அவள். உன் பதில் 'இல்லை' என்றால் ஒரு வரி எழுது. அவளிடம் நான் சொல்லிக்கொள்கிறேன். படம் அனெசினா அத்தை வீட்டுக்குப் போகட்டும். அத்தை சமைக்கும் கடலை பல்லை உடைக்கும். ஊர் ஒரு வருடம் தாங்கும்.

நீ நாலு வருடம் கண்விழித்துப் படித்ததை நான் அறிவேன். அதை நான் எடுத்துக்கொள்ள மாட்டேன். எதைச் சொன்னாலும் நீயாகச் சொல். எனக்கு அது போதும். (போதாது. ஆனாலும் போதும்.)

ஸ்தமாதிஸ்

---

லிகரியா
18 ஆகஸ்ட் 1986

அன்புள்ள ஸ்தமாதிஸ்,

உங்கள் கடிதத்தை நாலு முறை படித்தேன். அடைப்புக்குறிக்குள் இருப்பதை எத்தனை முறை படித்தேன் என்று எண்ணவில்லை.

அம்மா ஐந்தாம் நாளே பேசிவிட்டார்கள். புனிதர் இருக்கும் வீட்டின் கதவைச் சாத்தக் கூடாதாம். விடிந்ததிலிருந்து யாராவது மெழுகுவர்த்தியோடு வருகிறார்கள். அந்த ஐந்தாம் நாள் அனெசினா அத்தை வந்து, "திரி புகையுதே! பட்டணத்துப் பொண்ணுக்கு விளக்கேத்த யாரு கத்துக்குடுத்தா?" என்றார்கள். அடுப்படியிலிருந்து கரண்டியோடு அம்மா பாய்ந்து வந்தார்கள்.

"என் வீட்டு விளக்கு, என் பொண்ணு ஏத்தினது. புகைஞ்சா புகையட்டும், உனக்கென்ன?"

அத்தை போனதும் என் பக்கம் திரும்பி, தாழ்ந்த குரலில், "திரியை வெட்டுடி. நெஜமாவே புகையுது" என்றார்கள். அப்புறம் இரண்டு பேரும் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தோம். "உன் மேல கோவம் இல்லடி. வேணும்னு கேக்க எனக்குப் பதினோரு வருஷமா வாய் வரல. நீ போய் சட்டுன்னு கையை நீட்டிட்டே" என்றார்கள்.

படம் சாய்ந்ததால்தான் நீட்டினேன் என்று சொன்னேன். "அதெல்லாம் புனிதருக்குத் தெரியும், நீ சும்மா இரு" என்றார்கள்.

வருகிறவர்கள் மெழுகுவர்த்தியோடு மருந்துப் பெட்டிகளையும் கொண்டுவரத் தொடங்கிவிட்டார்கள். ஸன்னிஸ் மாமா இரத்த அழுத்த மாத்திரையைத் தலை சுற்றும்போது மட்டும் போட்டுக்கொண்டிருந்தாராம். "எப்பவும் போட்டா தீந்துடுமே, டாக்டரம்மா!" என்கிறார். எனக்குக் கோபம் வந்து, சத்தம் போட்டுத் திட்டிவிட்டேன். நான்! சத்தம் போட்டு! இந்தச் செய்தி தீவின் பெரிய ஊரான அப்பொலோனியா வரை போய், அங்கே மருந்துக்கடை வைத்திருக்கும் அம்மாள் ஆள் அனுப்பிக் கேட்டார்கள், துணைக்கு வருகிறாயா என்று. போய்ப் பார்த்தேன். மருந்து அடுக்கியிருக்கும் விதம் சரியில்லை. அக்டோபரில் சேர்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். ஏதென்ஸ் மருத்துவமனைக்கு வரவில்லை என்று எழுதிவிட்டேன்.

ஊர்க் காப்பிக்கடைத் தொலைபேசியில் அப்பாவைக் கூப்பிட்டேன். "கழுதை மேல போறதுக்கா படிக்க வச்சேன்?" என்று கத்தினார். அரை மணி கழித்து அவரே திரும்பக் கூப்பிட்டு, "அந்த மருந்துக்கடையில உன் பட்டத்தை மாட்ட இடம் இருக்கா?" என்றார்.

ஆகவே, ஸ்தமாதிஸ், நான் இங்கே இருக்கப்போவது என் வேலைக்காக. புனிதருக்கு விளக்கேற்றுவது, என் கை வாங்கியதை என் கைதான் கொடுக்க வேண்டும் என்பதற்காக. நீங்கள் வந்தாலும் வராவிட்டாலும் அடுத்த ஜூலையில் இருநூறு பேருக்குக் கடலை வேகும். இந்த இரண்டையும் முடிவு செய்தபிறகு, நேற்று மாலை கோயில் சுவரில் உட்கார்ந்து, உங்கள் கேள்வியை மட்டும் தனியாக எடுத்து யோசித்தேன். யோசிக்க அதிக நேரம் ஆகவில்லை.

ஆமாம். சம்மதம். நானாகச் சொல்கிறேன்.

அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை, பாதிரியாருக்கும் தெரியாது. முதலில் உங்களுக்குத்தான் தெரிய வேண்டும். தபால்காரர் கையில் கொடுத்தால் உறையைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார். அதனால் அப்பொலோனியாவுக்கு நடந்து போய் நானே பெட்டியில் போடப்போகிறேன். அதன்பிறகு உங்கள் பதில் வரும்வரை, ஊரில் யாருக்கும் சந்தேகம் வராதபடி சிரிப்பை அடக்கி முகத்தை உம்மென்று வைத்திருக்க வேண்டும்.

சீக்கிரம் எழுதுங்கள். இப்போதே கன்னம் வலிக்கிறது.

உங்கள்
அசிமினா