இடது கைக்குத் தெரிந்தது

நேற்று தேய்ப்பு பேடு ஒரு கட்டு வந்தது. பாத்திரம் தேய்க்கிற பச்சை நார் மாதிரிதான். பட்டறைக்கென்று மெரூனிலும் சாம்பலிலும் வரும். பிரித்ததும் அந்தப் பிசின் வாடை. பிரித்த கையோடு மரத்துக்குப் பாதி, இரும்புக்குப் பாதி என்று தனித்தனியாக வைத்தேன். நீ போய்ச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகப் போகிறது. இன்னும் நான் கலக்கவில்லை.

ஒரே கொட்டகையில் எனக்கு மரவேலை, உனக்கு வெல்டிங். துபாயில் கப்பல் பட்டறை வேலையை விட்டு வந்தபோது இந்தப் பேடை நீதான் கொண்டுவந்தாய். அதுவரை எனக்கு உப்புத்தாளும் இரும்பு நாரும்தான். இரும்பு நாரின் தூள் தேக்கில் தங்கிவிடும். இந்தக் கடல் காற்றில் கொஞ்ச நாளில் கறுப்புப் புள்ளி விழும். பாலிஷைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். "இரும்புல தேச்சத மரத்துல வைக்காத" என்று சொல்லி நீ இந்தப் பேடைத் தனியாகக் கொடுத்த பிறகுதான் புள்ளி நின்றது.

பிறகு உனக்குப் பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. வெல்டிங் மெஷினை விற்றுவிடச் சொல்லி ஆள் அனுப்பினாய். நான் விற்கவில்லை. தேக்குக் கட்டில் கால் இரண்டையும் நாலு பேடையும் எடுத்துக்கொண்டு உன் வீட்டுக்கு வந்தேன். நீ யாரோடும் பேசுவதில்லை என்று உன் மனைவி வாசலிலேயே சொன்னார். நீ கட்டில் காலைப் பார்த்தாய், அப்புறம் என்னைப் பார்த்தாய்.

"பாவம் பாத்துக் குடுக்குற வேலைன்னா எடுத்துட்டுப் போயிடு."

"பாவமெல்லாம் இல்ல. திருநள்ளாறு லாட்ஜுக்காரர் கட்டிலு. வெள்ளிக்கெழம கேக்குறாரு, எனக்குக் கை பத்தல."

அது பொய்யில்லை. கட்டில் காலையும் பேடையும் அங்கேயே வைத்துவிட்டு வந்தேன். மறுநாள் விடிந்ததிலிருந்து தேய்க்கிறாய் என்று உன் மனைவி போன் செய்தார். வந்து பார்த்தேன். பழகாத இடது கை. மர ரேகைக்குக் குறுக்கே இழுத்து, முதல் கால் முழுக்கக் கோடு கோடாக இருந்தது. பரவாயில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். வார்னிஷ் அடித்தால் அத்தனையும் தெரியும் என்று காலை என் கையிலிருந்து பிடுங்கி, ரேகையோடு மறுபடி ஆரம்பித்தாய். கட்டில் சனிக்கிழமைதான் போனது. லாட்ஜுக்காரர் தாமதத்துக்குச் சத்தம் போட்டார். கட்டில் காலைத் தடவிப் பார்த்த பிறகு பேசிய பணத்தை முழுசாக எண்ணிக் கொடுத்தார்.

அடுத்த வாரம் ஆட்டோ பிடித்து நீயே கொட்டகைக்கு வந்துவிட்டாய். உன் மெஷினில் வெல்டிங் செய்யச் சம்பளத்துக்கு ஆள் வைத்தோம். என் கதவானாலும் மாடிப்படிக் கம்பியானாலும் கடைசித் தேய்ப்பு உன்னுடையது. ஒருநாள் வேலையின் நடுவே சொன்னாய்: "வலது கை காச்சுப்போன கை, அதுக்கு ஒண்ணும் தெரியாது. இது சும்மா இருந்த கை. துளி சொரசொரப்பு இருந்தாலும் தெரியுது." விளையாட்டுக்குச் சொல்கிறாய் என்று நினைத்தேன்.

இப்போது கடைசித் தேய்ப்பு என்னிடம் வந்துவிட்டது. போன வாரம் கிளிஞ்சல்மேட்டில் ஒரு வாசக்கதவை முடித்துக்கொண்டிருந்தேன். நீங்க இடது கைப் பழக்கமா என்று வீட்டுக்காரம்மா கேட்டார். அப்போதுதான் கவனித்தேன். பேடு வலது கையில் இருந்தது. கதவைத் தடவிக்கொண்டிருந்தது இடது கை.

"என் கூட்டாளியோட பழக்கம்" என்றேன். அடிச்சட்டத்தில் ஓரிடம் இன்னும் சொரசொரத்தது. மறுபடி தேய்த்தேன்.