பன்னிரண்டு மணிக்கு நிற்பவர்கள்

என் வளரக்கா,

அய்யா தூங்கிவிட்டார். அம்மாவும் இப்போதுதான் படுத்தார். வேதியியல் புத்தகத்தை விரித்து வைத்து, அதன்மேல் தாளைப் போட்டு எழுதுகிறேன். யாராவது எழுந்து வந்தால் பக்கத்தைப் புரட்டிக்கொள்ளலாம். உனக்கு எழுதுகிறேன் என்று தெரிந்தால் திட்ட மாட்டார்கள். அழுவார்கள். அதுதான் எனக்குப் பயம்.

நீ போன பிறகு இது மூன்றாவது மிளகாய்ப் பருவம். நான் பிளஸ் டூவுக்கு வந்துவிட்டேன். உன் சுடிதார் எல்லாம் எனக்குச் சரியாக இருக்கிறது. அந்தப் பச்சை மட்டும் தோளில் கொஞ்சம் பிடிக்கிறது. அதையும் விடாமல் போடுகிறேன்.

முதல் வருட லீவுக்கு நீ வந்திருந்தாயே, ஞாபகம் இருக்கிறதா? வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவள் திடீரென்று எழுந்து நின்றாய்.

"என்னாக்கா, காலு மரத்துப்போச்சா?" என்று கேட்டேன். நீ கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு உட்கார்ந்து அடுத்த வெங்காயத்தை எடுத்தாய்.

"பன்னெண்டு மணிடி. எங்க யுனிவர்சிட்டியில இந்நேரம் மாதா கோயில் மணி அடிக்கும். வேதக்காரப் புள்ளைக செபம் சொல்லுவாக. மத்தவுக சும்மா நிப்போம். யாராச்சும் ஒருத்தர நெனச்சுக்கிடணும். அம்புட்டுத்தேன்."

"இன்னிக்கு யார நெனச்ச?"

"ஒன்னையத்தேன், எரும."

அய்யா வாசலில் இருந்து சிரித்தார். "நம்ம பசு கட்டுத்தறியில நிக்கிற மாதிரில்ல நிக்கிறா" என்றார். அந்த லீவு முழுக்க உன்னை அப்படித்தானே கேலி செய்தோம்.

அடுத்த மழைக்காலத்தில் உனக்கு டெங்கு வந்தது. விடுதியிலிருந்து போன் வந்ததும் அய்யாவும் அம்மாவும் கிளம்பினார்கள். என்னைப் பெரியம்மா வீட்டில் விட்டார்கள். உன்னை வெள்ளைத் துணியில் சுற்றி வண்டியில் கொண்டுவந்தார்கள். ஆஸ்பத்திரியில் என்ன நடந்தது என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. வீட்டில் உன் பேரை எடுத்தால் அம்மா அழுகிறார், அய்யா எழுந்து போய்விடுகிறார். அதனால் உன் பேரையே யாரும் எடுப்பதில்லை.

நீ படித்த இடத்திலேயே நானும் படிக்க வேண்டும் அக்கா. இதை அம்மாவிடம் மட்டும் சொன்னேன். அம்மா ஒரு ராத்திரி, அய்யா சாப்பிடும்போது மெதுவாகப் பேச்சை எடுத்தார். அய்யா கையை உதறினார்.

"ஒண்ணக் குடுத்தது போதும். பரமக்குடி காலேசுக்குப் பஸ்ஸுல போயிட்டு வரட்டும்."

பாதிச் சோறு தட்டிலேயே கிடந்தது. அதற்குப் பிறகு வாயைத் திறக்க எனக்குத் தைரியம் வரவில்லை.

போன வியாழக்கிழமை எங்கள் பள்ளிக்கூடத்தில் பெண் பிள்ளைகளுக்கான பாதுகாப்பு பற்றிப் பேச ஒரு எஸ்.ஐ. வந்தார். ஏர்வாடிக்காரர், பர்வீன் என்று பேர். காக்கிச் சட்டையில் விறைப்பாக மைக்கைப் பிடித்துப் பேசிக்கொண்டே இருந்தவர், பாதி வாக்கியத்தில் நின்றுவிட்டார். பேச்சு மறந்துவிட்டது என்று நினைத்துத் தலைமையாசிரியை ஓடிப்போய்த் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். பிள்ளைகள் சிரித்தார்கள். நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். மணி சரியாகப் பன்னிரண்டு.

கூட்டம் கலைந்ததும் ஜீப் வரைக்கும் பின்னாலேயே போனேன்.

"மேடம், நீங்க எங்கக்கா படிச்ச யுனிவர்சிட்டியா?"

"எப்பிடிம்மா கண்டுபுடிச்ச?"

"எங்கக்காவும் இப்பிடித்தான் நிக்கும்."

உன் பேரையும் ஊரையும் சொன்னேன். அவர் தொப்பியைக் கழற்றினார். "இன்னா லில்லாஹி" என்று, இறந்தவர்களுக்காகச் சொல்வதை வாய்க்குள் சொல்லிக்கொண்டார். என் கையைப் பிடித்து வேப்பமர நிழலுக்குக் கூட்டிப்போனார்.

"நான் அப்ப படிப்ப முடிச்சுட்டு, எஸ்.ஐ. பரீட்சைக்காக அந்த ஊருலயே கெடந்தேன். பழைய மாணவிக குரூப்புல மெசேஜ் வந்துச்சு, நம்ம புள்ள ஒண்ணுக்கு ரத்தம் வேணும்னு. யாரு எவருன்னு ஒருத்தியும் கேக்கல. பேரம்பேத்தி எடுத்தவுக எல்லாம் வந்துட்டாக. ஒங்களுக்கு வயசாயிருச்சு, எடுக்க மாட்டோம்னு சொன்ன நர்ஸுகிட்ட ஒரு அம்மா என்னா சண்ட போட்டுச்சு தெரியுமா? நானும் குடுத்தேன்."

உனக்கு இதெல்லாம் தெரிந்திருக்குமா அக்கா? யார் யாருடைய ரத்தமோ உன்னைக் காப்பாற்றப் பார்த்திருக்கிறது. அதில் ஏர்வாடிக்காரி ஒருத்தியுடையதும் இருந்திருக்கிறது.

அங்கே படித்து, இன்றும் பன்னிரண்டு மணிக்கு நிற்பவர்கள் எங்கெங்கேயோ இருக்கிறார்களாம். ஒருத்தர் தாலுகா ஆபீஸில், ஒருத்தர் ராமேஸ்வரத்தில் மீன் கம்பெனி வைத்து, இன்னொருத்தர் வக்கீலாக. "சாட்சியக் குறுக்கு விசாரண பண்ணிக்கிட்டு இருக்கயில பன்னெண்டு மணிக்கு வாய மூடிட்டா. ஜட்ஜு, ஏம்மா, தெணறி நிக்க வேண்டியது சாட்சியா நீயான்னு கேட்டாராம்" என்று சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன். உன் பேரைச் சொன்ன பிறகும் சிரிக்க முடிந்தது. அங்கே போய்ப் படிக்க எனக்கு ஏன் இவ்வளவு ஆசை என்று அப்போதுதான் புரிந்தது. அங்கே உன் பேரைச் சொல்லலாம்.

"ஞாயித்துக்கெழமை வீட்டுக்கு வாரேன். அய்யாகிட்ட நான் பேசுறேன்" என்றார்.

"வேணாம்க்கா. போலீசு வந்துச்சுன்னா ஊருல என்ன ஏதுன்னு கேப்பாக. நானே கேக்குறேன்."

சொல்லிவிட்டேனே தவிர, அன்றைக்கு வீட்டுக்கு வந்து அய்யாவிடம் கேட்கவில்லை.

இன்று சனிக்கிழமை. அய்யாவுக்குச் சோறு எடுத்துக்கொண்டு வழக்கத்தைவிடச் சீக்கிரமே புஞ்சைக்குப் போனேன். வரப்பில் ஏறும்போது அய்யாவின் பட்டன் போனில் பன்னிரண்டு மணி அலாரம் ஒலித்தது. அது தினமும் அந்நேரத்துக்கு ஒலிக்கும் என்று எனக்குத் தெரியும். மோட்டாருக்குக் கரண்டு வரும் நேரத்துக்காக வைத்திருக்கிறார் என்று நினைத்திருந்தேன். அய்யா போனை அமர்த்தினார். தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார். பழுத்த மிளகாய்ச் செடிகளுக்கு நடுவே அப்படியே நின்றார். மோட்டார் ரூம் பக்கம் அவர் போகவே இல்லை.

பழம் பறித்துக்கொண்டிருந்த முத்தம்மா அக்கா என்னைப் பார்த்து மெதுவாகச் சொன்னார்: "தெனமும் இப்பிடித்தேன். நாங்க ஒண்ணும் கேட்டுக்கிடுறதில்ல."

கொஞ்ச நேரத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு அய்யா என் பக்கம் திரும்பினார். "சோறு கொண்டாந்துட்டியா தாயி?" என்றார். நான் தூக்குச்சட்டியை நீட்டினேன்.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் கேட்டேன். அம்மா அரிசி களைந்துகொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னார்.

"ஆஸ்பத்திரி வராண்டாவுல அவ கூடப் படிச்சதுக, படிச்சு முடிச்சதுக எல்லாம் ஒக்காந்திருந்துச்சுக. பன்னெண்டு மணிக்கு ஒண்ணுபோல எந்திரிச்சு நின்னுச்சுக. எதுக்குன்னு ஒங்கய்யாவுக்குத் தெரியும்ல? அவரும் போயி அதுக பக்கத்துல நின்னாரு. மறுநா விடியிறதுக்குள்ள..."

நான் பானையை வாங்கி அடுப்பில் வைத்தேன்.

அந்தப் பல்கலைக்கழகத்தின் பேரைக் கேட்டாலே அய்யாவுக்கு ஆகாது என்றல்லவா நினைத்திருந்தேன்? நாங்கள் கேலி செய்த உன் அந்த நிற்பை அவர் ஒரு நாளும் விடவில்லை, அக்கா.

உண்மையைச் சொல்கிறேன். அய்யா வேண்டாம் என்று சொல்லிவிடுவாரோ என்று பயம். சரி என்று சொல்லிவிட்டாலும் பயம். அதே விடுதி, அதே மழை. கொசுவலை கொண்டுபோவேன். காய்ச்சல் என்றால் முதல் நாளே சொல்லிவிடுவேன். நீயும் சொல்லியிருப்பாய், எனக்குத் தெரியும். சொல்லியும் சில நேரம் நடந்துவிடுகிறது, இல்லையா? நான் போய்விட்டால் இந்த வீட்டில் அம்மாவும் அய்யாவும் மட்டும் எப்படி இருப்பார்கள்?

நாளைக்கும் சோறு நான்தான் கொண்டுபோகிறேன். போன் ஒலித்ததும் தூக்குச்சட்டியை வரப்பில் வைத்துவிட்டு, அய்யா பக்கத்தில் போய் நிற்பேன். அவர் உன்னை நினைக்கட்டும். நான் அவரை நினைத்துக்கொள்கிறேன். அவர் துண்டை மறுபடி கட்டுவதற்கு முன், உன் பேரைச் சொல்லித்தான் கேட்பேன். கேட்காமல் வீடு திரும்ப மாட்டேன். உன் மேல் சத்தியம்.

அவர் வேண்டாம் என்றால், மறுநாளும் போய் நிற்பேன்.

உன் பச்சைச் சுடிதாரைப் போட்டுக்கொண்டு போகும்
உன் எருமைத் தங்கச்சி,
தேனு