ஒன்பதாம் நாள் வந்த ஆட்சேபம்

பீர்மேடு,
3-8-1975

பஞ்சாபகேசனுக்கு சிவராமகிருஷ்ணன் எழுதுவது.

நல்லேப்பிள்ளியில் நீயும் தர்மாம்பாளும் சௌக்கியம் என்று நினைக்கிறேன். இங்கே சௌக்கியம் இல்லை. நீ கோட்டயம் ஹெட் ஆபீசை விட்டுப் போன பிறகு உனக்கு ஒரு வரி எழுதுவேன் என்று நான் நினைத்ததில்லை.

புதன்கிழமை காலை பதினொரு மணிக்கு தொழிலாளர்கள் குடியிருக்கும் மூன்றாம் லயத்தின் பின்சுவர் சரிந்தது. போன மாசியில் போட்ட ஓட்டுக் கூரை முழுவதும் உள்ளே விழுந்துவிட்டது. கங்காணி சூசையப்பனின் மனைவி கத்தரீனாள் காய்ச்சல் என்று கொழுந்தெடுக்கப் போகாமல் படுத்திருந்தாள். வெளியே எடுத்தபோது உயிர் இல்லை.

அந்தக் கூரையின் காண்டிராக்ட் உனக்கு நினைவிருக்கும். முன்பெல்லாம் ஒரு காண்டிராக்ட் ஐந்து மேஜை தாண்டி அங்கீகாரம் ஆவதற்குள் ஒரு மழைக்காலம் போய்விடும், லயங்கள் ஒழுகிக்கொண்டிருக்கும். அதை மாற்றியவன் நான். ஐந்து பேருக்கும் ஒரே நாளில் நகல்; ஏழு நாளில் ஆட்சேபம் வராவிட்டால் சம்மதம். கம்பெனி எல்லா எஸ்டேட்டிலும் அதை எடுத்துக்கொண்டது. எனக்குப் பாராட்டாக ஒரு வார்த்தை வரவில்லை. அந்த ஐந்து பேரில் ஒருவனான நீ மீட்டிங்கில் அத்தனை பேர் முன்னால் சொன்னதுதான் மிச்சம்: "சிவராமா, நீ சொவத்தப் பாக்கலைடா, காலண்டரப் பாக்கறாய்." எல்லோரும் சிரித்தார்கள். அதை இன்றும் நான் மன்னிக்கவில்லை.

போன வருஷம் ஆடியில் மண் சரிந்து மலைப்பாதை அடைபட்டது. தபால் பை கீழேயே கிடந்தது. பழைய மண்சுவர் ஓட்டின் பாரம் தாங்காது, சுவரை இடித்துக் கட்டாமல் கூரையை மாற்றக்கூடாது என்று நீ எழுதிய ஆட்சேபம் ஒன்பதாம் நாள் என் மேஜைக்கு வந்தது. பாதை அடைபட்டது எனக்குத் தெரியும். ஆனாலும் 'காலம் கடந்தது' என்று முத்திரை குத்தி, கையெழுத்துப் போட்டு, உனக்கே திருப்பி அனுப்பினேன். அன்று மத்தியானம் சாப்பாடு ருசித்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பதினெட்டு வருஷத்தில் முதல் தடவையாக வியாழக்கிழமை லயத்துக்குப் போனேன். சூசையப்பன் என்னைத் திட்டுவான் என்று நினைத்தேன். அவன் எழுந்து நின்று, "ஐயா, ஒழுகாம தூங்க வச்ச புண்ணியவான்னு தெனமும் ஜெபத்துல உங்க பேரையும் சேத்துத்தான் சொல்லுவா" என்றான். அதற்குப் பிறகு அங்கே நிற்க முடியவில்லை. எப்படி ஆபீசுக்கு வந்து சேர்ந்தேன் என்று தெரியவில்லை.

அடுத்த திங்கட்கிழமை, பதினோராம் தேதி, இங்கே விசாரணை. ஃபைலில் ஆட்சேபம் எதுவும் இல்லை, கூரை வேலை திருப்தி என்று கைநாட்டு வைத்தவன் சூசையப்பன், பொறுப்பு அவனுடையது. மானேஜர் இப்படித்தான் சொல்லப்போகிறார். மனைவியைப் புதைத்தவனுக்கு வேலையும் போகும், தலை சாய்க்கும் இடமும் போகும். ஃபைலை எடுத்து நீட்ட வேண்டியவன் நான். வாயைத் திறந்து உள்ளதைச் சொல்லேன் என்பாய். காகிதம் இல்லாத பேச்சை மானேஜர் ஒரு நிமிஷத்தில் தள்ளிவிடுவார். தவிர, அவர் எதிரே என் வாய் திறக்கும் என்று எனக்கே நம்பிக்கை இல்லை. தையில் ஞானத்துக்குக் கல்யாணம் வைத்திருக்கிறோம். வேலை இழந்தவன் பெண்ணை யார் கட்டுவார்கள்?

எந்தக் காகிதத்தையும் நீ கிழித்துப் போடமாட்டாய். எரிச்சலூட்டும் அந்தக் குணத்தைத்தான் இப்போது நம்பியிருக்கிறேன். அந்த ஆட்சேபத்தை விசாரணை ஆபீசரிடம் கொடு. தபாலில் போடாதே, இங்கே மழை விடவில்லை. நீயே கொண்டு வா. இந்தக் கடிதத்தையும் கூடவே எடுத்து வா. வழியில் என் வீட்டுக்கு மட்டும் வராதே. வந்தால் உட்காரவைத்து, காபி கொடுத்து, அந்தக் காகிதத்தைத் தந்துவிடு என்று கேட்டுவிடுவேன்.

தர்மாம்பாளுக்கு என் நமஸ்காரம். என்ன ஆனாலும் ஞானத்தை நீங்கள் இருவரும் ஆசீர்வதிக்க வேண்டும்.

புறப்படுமுன், என் முத்திரையும் கையெழுத்தும் தெளிவாகத் தெரிகின்றனவா என்று ஒருமுறை பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
சிவராமகிருஷ்ணன்